முற்பணம் ஆறாவது படி: இணையத்தில் ஆள் தேடி வேலை கொடுப்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஒடியல்மாவும் மிளகாய்த்தூளும் கனடாவுக்கு அனுப்பும் எங்கள் வீட்டு வியாபாரத்துக்கு ஓர் இணையத்தளம் செய்யக் கொடுத்தேன். தளம் அழகாகவே வந்தது. ஒரு வருடம் கழித்து, நல்லூர்த் திருவிழாவுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, அது காணாமல் போனது. டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, தளத்தைச் செய்து கொடுத்தவரின் பெயரில் பதிவாகியிருந்தது. அதைத் திருப்பித் தருவதற்கு அவர் கேட்ட தொகை, தளம் செய்வதற்கு நான் கொடுத்ததைவிடக் கூடுதல்.

அதற்குப் பிறகு கொக்குவில், சுன்னாகம், மானிப்பாய்ப் பக்கத்துக் கடைக்காரர்கள், விருந்தினர் விடுதி நடத்துபவர்கள், நினைவு மலர் அச்சிட வந்தவர்கள் என்று பலருக்கு ஃபிரீலான்சர் (நிறுவனத்தில் சேராமல் தனியாக வேலை எடுத்துச் செய்பவர்) தேடிக் கொடுக்க உதவியிருக்கிறேன். ஏமாந்தவர்களின் கதைகளில் வேலை மாறுகிறது, தொகை மாறுகிறது. தவறு மட்டும் மாறுவதில்லை. பணம் முதலில் போகிறது. மற்றதெல்லாம் பிறகு கேட்கப்படுகிறது.

அறியாமையைவிட முகத்தாட்சண்யமே இதற்குப் பெரிய காரணம். "தெரிந்தவரின் பிள்ளை, எழுதித் தா என்று எப்படிக் கேட்பது?" என்று தயங்கி, கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுகிறோம். கீழே உள்ள ஒழுங்கை எல்லோரிடமும் ஒரே மாதிரிக் கடைப்பிடித்தால் அந்தத் தயக்கம் போய்விடும். "தம்பி, நான் யாரிடம் வேலை கொடுத்தாலும் இப்படித்தான் செய்வேன்" என்று சொன்னால் நேர்மையான பிள்ளை கோபிக்க மாட்டான்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

வியாபாரத்துக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி. உங்கள் பெயரில் பதிவான சிம்மில் ஒரு தொலைபேசி எண். வெளிநாட்டு இணையக் கொடுப்பனவுக்கு வங்கி அனுமதித்திருக்கும் ஓர் அட்டை. கடவுச்சொற்களை எழுதி வைக்க, வீட்டை விட்டு வெளியே போகாத ஒரு கொப்பி.

தொலைபேசி எண்ணை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், கடவுச்சொல்லை மறந்தாலும் யாராவது மாற்றிவிட்டாலும் மீட்கும் வழி அந்த எண்ணுக்கு வரும் குறியீடுதான். வேலை செய்பவர் தன் எண்ணைக் கொடுத்துக் கணக்குத் திறந்தால், குறியீடும் அவரிடமே போகும். "வசதிக்காக என் நம்பரைப் போட்டிருக்கிறேன்" என்று சொல்பவர் அப்போது கெட்ட எண்ணம் இல்லாதவராகக்கூட இருக்கலாம். பிணக்கு வரும் நாளில் அந்த எண்ணே அவர் கையில் இருக்கும் சாவி.

பணம் ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா அனுப்புகிறார், வேலையை இங்கே தங்கை கவனிக்கிறார் என்பது நம் ஊரில் வழக்கம். அப்படியானால் வேலை கொடுப்பவர் யார் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். அண்ணாவிடம் ஒரு முற்பணமும் தங்கையிடம் ஒரு முற்பணமும் வாங்கி, இருவருக்கும் இரண்டு கதை சொன்ன ஒருவரை நான் கண்டிருக்கிறேன். மூன்று பேரும் இருக்கும் ஒரே வட்ஸ்அப் குழுவில் மட்டுமே பேச்சு நடந்திருந்தால் அது நடந்திருக்காது.

1. வேலையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

ஆளைத் தேடுவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். "ஒரு நல்ல வெப்சைட் வேண்டும்" என்று சொன்னால், எதைக் கொடுத்தாலும் அது நல்ல வெப்சைட் என்று அவர் வாதாடலாம். மோசடி செய்பவருக்கு மங்கலான வேலைதான் பிடிக்கும். முடிந்ததா இல்லையா என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

எத்தனை பக்கங்கள், எந்த மொழிகளில், படங்களை யார் தருவது, எழுத்தை யார் தருவது, என்ன திகதி, எத்தனை முறை திருத்தம், முடிவில் எந்தக் கோப்புகள் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று எழுதுங்கள். கடைசி விடயத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

லோகோ என்றால் வட்ஸ்அப்பில் வரும் படம் போதாது. எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் கோப்பு வேண்டும். இல்லையென்றால் பெயர்ப்பலகை அடிக்கும் நாளில் அவரையே மீண்டும் தேடிப் போவீர்கள், அவர் அதற்குத் தனி விலை சொல்வார்.

தமிழ் தட்டச்சும் நூல் வடிவமைப்பும் என்றால் "யுனிகோட் எழுத்துருவில் வேண்டும்" என்ற வரி கட்டாயம். இங்கே இன்னும் பலர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்கிறார்கள். அச்சுக்கு அது அழகாகவே வரும். அந்தக் கோப்பை எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் தெரியும். இணையத்தில் போடவும் முடியாது, சொல்லைத் தேடவும் முடியாது. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் எழுதாவிட்டால், "மாற்றித் தர இன்னும் இவ்வளவு" என்ற பேச்சு வரும்போது உங்கள் பக்கம் நியாயம் சொல்ல எதுவும் இருக்காது.

2. கணக்குகளை நீங்களே திறவுங்கள்

நான் பட்ட அடி இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முற்பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவரால் அந்த முற்பணத்தோடு நட்டம் முடிந்துவிடும். கணக்கைத் தன் பெயரில் வைத்திருப்பவரால் உங்கள் வியாபாரம் முழுவதும் பணயத்தில் நிற்கும். வாடிக்கையாளர் கையில் இருக்கும் பொதி உறையில் அந்த இணைய முகவரி அச்சாகியிருக்கும். அதை மாற்ற முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

டொமைன்: பதிவு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில், உங்கள் அட்டையால் பணம் கட்டி வாங்குங்கள். டொட் கொம் ஆனாலும் டொட் எல்கே ஆனாலும் இதுவே முறை. செய்யத் தெரியாவிட்டால் அவரைப் பக்கத்தில் இருத்தியோ காணொளி அழைப்பில் வைத்தோ செய்யலாம். தட்டச்சுச் செய்யும் விரல் உங்களுடையதாக இருக்கட்டும். வருடாந்தப் புதுப்பிப்புத் திகதியைக் கொப்பியில் குறியுங்கள். ஏற்கெனவே வாங்கிய டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று தெரியாவிட்டால், புதுப்பிப்பு நினைவூட்டல் யாருடைய மின்னஞ்சலுக்கு வருகிறது என்று பாருங்கள். உங்களுக்கு வரவில்லை என்றால் பெயர் உங்கள் கையில் இல்லை.

ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் இடம்): இதுவும் உங்கள் கணக்கில். வேலை செய்பவருக்குத் தனியாக ஒரு பயனர் அனுமதி கொடுங்கள். பிரதான கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் அந்த ஒரு பயனரை நீக்கினால் போதும், வேறு எதையும் மாற்ற வேண்டியதில்லை.

முகநூல் பக்கம்: கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. பக்கத்தின் அமைப்பில் ஒருவருக்குக் குறைந்த அளவு அனுமதி கொடுக்கும் வழி உண்டு. முழுக் கட்டுப்பாடு கொடுத்தால் அவர் உங்களையே வெளியேற்றிவிடலாம். பல ஆயிரம் பேர் பின்தொடரும் பக்கத்தை ஒரே நாளில் இழந்த புடவைக்கடை ஒன்றை எனக்குத் தெரியும். அவர்கள் கடவுச்சொல்லைக் கொடுக்கவில்லை, முழு அனுமதியைத்தான் கொடுத்தார்கள்.

கூகுள் வரைபடத்தில் வரும் கடைப் பதிவு: நீங்கள் பிரதான உரிமையாளர், அவர் முகாமையாளர். முகாமையாளரால் ஆட்களைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது, ஆனால் படம் போடுவது, நேரம் மாற்றுவது போன்ற வேலைகளைச் செய்யலாம். விடுதி நடத்துபவர்கள் இதை மிகக் கவனமாகப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் அழைக்கும் தொலைபேசி எண் அந்தப் பதிவில்தான் இருக்கிறது.

விளம்பரக் கணக்கு: உங்கள் அட்டை, உங்கள் கணக்கு, அவருக்கு விளம்பரம் இடும் அனுமதி மட்டும். "காசைத் தாருங்கள், என் கணக்கில் போட்டுவிடுகிறேன்" என்றால், நீங்கள் கொடுத்ததில் எவ்வளவு உண்மையில் செலவானது என்று ஒருபோதும் அறிய மாட்டீர்கள். அவர் அனுப்பும் படத்தில் உள்ள எண்ணை மாற்றுவது சில நிமிட வேலை.

3. ஆளைச் சோதியுங்கள்

பரிந்துரை சோதனை ஆகாது. "என் மருமகன் நன்றாகச் செய்வான்" என்று சொல்பவர் மருமகனின் குணத்துக்குச் சாட்சி சொல்கிறார், வேலைக்கு அல்ல. பரிந்துரையை வைத்துப் பட்டியலில் ஒருவரைச் சேர்க்கலாம், பட்டியலிலிருந்து தெரிவு செய்வதற்கு அது போதாது.

முன்பு செய்த வேலைகளைக் கேளுங்கள். படங்களாக அனுப்பினால், படத்தைக் கொண்டு தேடும் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். களவெடுத்த லோகோ என்றால் பெரும்பாலும் வேறு நாட்டு வடிவமைப்பாளரின் பக்கத்தில் அதே படம் கிடைக்கும். இணையத்தளம் என்றால் முகவரியைக் கேட்டு, நேரில் திறந்து பார்த்து, அந்தத் தளத்தில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். அவர் கொடுக்கும் "வாடிக்கையாளர் எண்" அவருடைய நண்பருடையதாக இருக்கலாம்.

அழைத்ததும் "நன்றாகச் செய்தாரா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். "சொன்ன திகதிக்கு எத்தனை நாள் பிந்தித் தந்தார்? டொமைன் யார் பெயரில் இருக்கிறது? வேலை முடிந்தபின் அழைத்தால் எடுக்கிறாரா?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பலர் "தெரியாதே" என்பார்கள். அவர்களுக்கும் அது ஓர் உதவி.

பத்து நிமிடம் காணொளி அழைப்பில் பேசுங்கள். அவர் செய்த ஒரு வேலையைத் திரையில் காட்டி, ஏன் அப்படிச் செய்தார் என்று விளக்கச் சொல்லுங்கள். செய்தவருக்கு அது இலகு, வாங்கி விற்பவருக்குக் கடினம். வேலைத் தளத்தில் இன்னொருவரின் கணக்கை வாடகைக்கு எடுத்து நடத்துபவர்களும், உங்களிடம் வாங்கிய வேலையைப் பாதி விலைக்கு இன்னொருவரிடம் தள்ளிவிடுபவர்களும் இந்தப் பத்து நிமிடத்தில்தான் பிடிபடுகிறார்கள். கமரா பழுது என்ற பதில் ஒருமுறை வரலாம். இரண்டாம் முறையும் வந்தால் விட்டுவிடுங்கள்.

உள்ளூர் ஆள், பெரிய தொகை என்றால் வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழைக் கேட்கலாம். அது பிரதேச செயலகத்தின் ஊடாகப் பெறுவது. பதிவில்லாமல் தனியாக வேலை செய்யும் இளைஞர்கள் நிறையப் பேர் நேர்மையானவர்கள் என்பதால், சான்றிதழ் இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை ஒதுக்க மாட்டேன். அவர்களிடம் அடையாள அட்டை எண்ணை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்வது போதும். பழைய எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களும், புதிய 12 இலக்க எண்ணின் முதல் நான்கு இலக்கங்களும் பிறந்த ஆண்டைக் காட்டும். இருபத்தைந்து வயதுப் பிள்ளை 1971 இல் தொடங்கும் எண்ணைத் தந்தால் ஏனென்று கேளுங்கள்.

"கூகுளில் முதலிடம் உறுதி", "ஒரு மாதத்தில் பத்தாயிரம் லைக்" என்று சொல்பவரிடம் மேலும் பேச வேண்டாம். முதலாவது யாராலும் உறுதி தர முடியாதது. இரண்டாவது விலைக்கு வாங்கும் பொய்க் கணக்குகள். அவற்றில் ஒன்றுகூட உங்கள் மிளகாய்த்தூளை வாங்காது.

4. சிறிய மாதிரி வேலை, காசு கொடுத்து

முழு வேலையில் ஒரு துண்டை வெட்டிக் கொடுங்கள். ஒரு பக்க வடிவமைப்பு, இரண்டு பக்க மொழிபெயர்ப்பு, நூலின் ஓர் அத்தியாயம். அதற்குரிய நியாயமான விலையைக் கொடுங்கள்.

இலவச மாதிரி கேட்காதீர்கள். உழைப்பை இலவசமாக வாங்கிக்கொண்டு மறைந்துவிடும் வேலை கொடுப்பவர்களால் அடிபட்ட நல்ல பணியாளர்கள் இலவச மாதிரிக்கு வர மாட்டார்கள். வருபவர்கள் எங்கோ எடுத்ததைத்தான் தருவார்கள். நாம் ஏமாறக் கூடாது என்பதற்காக இன்னொருவரின் உழைப்பை ஏமாற்றி எடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

மாதிரியில் பார்க்க வேண்டியது தரம் மட்டுமல்ல. சொன்ன நாளில் வந்ததா, புரியாத இடத்தில் கேள்வி கேட்டாரா, திருத்தம் சொன்னபோது எப்படி ஏற்றார் என்பவற்றைக் கவனியுங்கள். கேள்வியே கேட்காமல் செய்து முடிப்பவரை நான் சற்று அச்சத்தோடு பார்ப்பேன்.

மொழிபெயர்ப்புக்கு ஒரு சோதனை. மாதிரிப் பகுதியில் நம் ஊர் வழக்குச் சில இருக்கட்டும்: பினாட்டு, ஒடியல் கூழ், "அவர் வந்து என்னோடு கதைத்தார்", அந்தியேட்டி (இறந்தவருக்குச் செய்யும் முப்பத்தோராம் நாள் சடங்கு). இயந்திரத்தில் போட்டு எடுத்துத் தருபவரிடம் 'கதைத்தார்' என்பது கதை சொன்னதாகிவிடலாம். அந்தியேட்டி என்பது பொருளற்ற ஒரு சொல்லாக அப்படியே நிற்கலாம். தெரிந்தவர் அந்த இடத்தில் நின்று யோசித்திருப்பார், அல்லது உங்களிடம் கேட்டிருப்பார். நினைவு மலரை ஆங்கிலத்தில் செய்யும்போது இது மிக முக்கியம். பிறகு திருத்த நாளிருக்காது. முப்பத்தோராம் நாள் யாருக்காகவும் தள்ளிப் போகாது.

5. எழுதி, ஒப்புக்கொள்ள வையுங்கள்

சட்டத்தரணி தேவையில்லை. முதலாம் படியில் எழுதிய பக்கத்தின் கீழே இன்னும் சில வரிகள் சேர்த்தால் போதும்: இருவரின் முழுப்பெயர், முகவரி, மொத்தத் தொகை, தவணைகள், பிந்தினால் என்ன, இடையில் நிறுத்தினால் என்ன, வேலையை வேறொருவருக்குக் கைமாற்றலாமா.

இன்னொரு வரியை நீங்களாகச் சேர்க்க வேண்டும், மற்றவர் சேர்க்க மாட்டார்: "முழுத் தொகையும் செலுத்தப்பட்டதும் ஆக்கத்தின் பொருளாதார உரிமைகள் அனைத்தும் வேலை கொடுத்தவருக்குக் கைமாற்றப்படும்." இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஆக்கத்தின் முதல் உரிமை பொதுவாக அதை ஆக்கியவருக்கே. சம்பளத்துக்கு வேலை செய்பவரின் நிலை வேறு. ஃபிரீலான்சர் உங்கள் ஊழியர் அல்லர். எழுதாவிட்டால், காசு கொடுத்த லோகோவும் சட்டப்படி அவருடையதாகவே இருக்கலாம்.

கையொப்பம் இட்ட தாள் நல்லது. அது முடியாவிட்டால் மின்னஞ்சலில் அனுப்பி, "மேலுள்ள அனைத்தையும் ஏற்றுக்கொள்கிறேன்" என்று பெயருடன் பதில் எழுத வையுங்கள். 2006 ஆம் ஆண்டு 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம், மின்வடிவில் இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் ஓர் ஆவணத்தின் செல்லுபடியை மறுக்க விடுவதில்லை. தொலைபேசியில் பேசி முடித்தவற்றையும் அன்றிரவே ஒரு செய்தியாக எழுதி அனுப்புங்கள்: "தம்பி, இன்று பேசியபடி இரண்டாம் பக்கத்தில் விலைப்பட்டியல் சேர்ப்பதாக முடிவு. மேலதிகக் கட்டணம் இல்லை. சரிதானே?" அவர் "ஓம்" என்று போட்டால் அது ஆதாரம்.

6. இப்போது முற்பணம்

இரண்டு வழிகள் உண்டு: வேலை கொடுப்பவரையும் செய்பவரையும் இணைக்கும் அப்வர்க், ஃபைவர் போன்ற தளங்களின் ஊடாகக் கொடுப்பது, நேரே வங்கியில் போடுவது.

தளத்தின் ஊடாகக் கொடுத்தால் பணம் இடையில் நிற்கும், நீங்கள் ஏற்றபின் அவருக்குப் போகும். ஆனால் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும் என்பதை மறக்காதீர்கள். ஃபைவரில் வேலை ஒப்படைக்கப்பட்டு மூன்று நாளுக்குள் நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் ஏற்றதாக முடிந்துவிடும். அப்வர்க்கில் நிலையான விலை வேலைக்கு இந்தக் காலம் 14 நாள். வெற்றுக் கோப்பையோ அரைகுறையையோ ஒப்படைத்துவிட்டு, "இது சும்மா, உண்மையானது அடுத்த கிழமை வரும், பொறுங்கள்" என்று சொல்பவர் அந்த நாள்கள் கழிவதைத்தான் எதிர்பார்க்கிறார். உடனே திருத்தம் கோரும் பொத்தானை அழுத்துங்கள். பிறகு பேசலாம்.

"தளத்துக்குக் கட்டணம் வீணாகப் போகிறது, வெளியே நேரே தாருங்கள், குறைத்துச் செய்கிறேன்" என்ற பேச்சு வந்தால் மறுத்துவிடுங்கள். அது தளத்தின் விதிக்கு மாறானது. அதைவிட முக்கியம், வெளியே போன நொடியிலிருந்து உங்களுக்காகப் பேச யாரும் இல்லை.

நேரே கொடுப்பதென்றால் நான் பின்பற்றும் அளவு இது: முற்பணம் 20 முதல் 30 வீதம், நடுவில் ஒன்று அல்லது இரண்டு தவணை, கடைசி 30 வீதம் பொறுப்பேற்ற பின். ஒவ்வொரு தவணையும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றுக்கு எதிராக இருக்க வேண்டும். "பாதி வேலை முடிந்ததும்" என்று எழுதாதீர்கள். "முகப்புப் பக்கமும் பொருள் பட்டியலும் சோதனை முகவரியில் திறந்ததும்" என்று எழுதுங்கள்.

வங்கிக் கணக்கின் பெயரும் ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். "நண்பனின் கணக்கில் போடுங்கள்" என்றால் போடாதீர்கள். நாளைக்கு முறைப்பாடு கொடுக்கும்போது பணம் வாங்கியவர் வேறு, வேலை எடுத்தவர் வேறு என்று கதை திரும்பும். நடுவில் கணக்கு எண்ணை மாற்றச் சொல்லிச் செய்தி வந்தால், அழைத்துக் குரலைக் கேட்டு உறுதி செய்யுங்கள். அவருடைய வட்ஸ்அப்பையே வேறொருவர் கைப்பற்றியிருக்கலாம்.

வங்கியிலிருந்து உங்கள் தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டை யாருக்கும் சொல்லாதீர்கள். "இணையத்தளத்தில் காசு வாங்கும் வசதியை இணைக்க வேண்டும்" என்று கேட்டாலும்தான். உங்கள் வங்கிக் குறியீடு தேவைப்படும் எந்த வேலையும் அவருடைய வேலை அல்ல.

7. வேலை நடக்கும்போது

கிழமைக்கு ஒருமுறை, ஒரே நாளில், நடந்ததைப் பாருங்கள். படமாக அல்ல, திறக்கக்கூடிய கோப்பாக, போகக்கூடிய முகவரியாக. திரையைப் படமெடுத்து அனுப்பும் பக்கங்கள் உண்மையில் எங்கும் இல்லாதவையாக இருக்கலாம்.

மணிக்கணக்கில் கொடுக்கும் வேலை என்றால் அப்வர்க்கின் வேலைக் குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள். சுமார் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக அவருடைய திரையின் படம் அதில் பதிவாகும். பலர் அதை ஒருமுறைகூடத் திறப்பதில்லை.

இந்தக் கட்டத்தில் வரும் அவசரக் கதைகளைப் பற்றி மனம் திறந்து சொல்ல வேண்டும். அம்மாவுக்குச் சுகமில்லை, மடிக்கணினி பழுது, மீதிப் பணத்தை இன்றே தந்தால் நாளை முடிக்கிறேன். அவற்றில் உண்மையும் இருக்கும். நான் செய்வது இதுதான்: திகதியைத் தயங்காமல் நீட்டிக் கொடுப்பேன், தவணையை முன்னுக்குக் கொண்டுவர மாட்டேன். துன்பத்தில் இருப்பவருக்கு நேரம் உண்மையான உதவி. பொய் சொல்பவருக்கு நேரத்தால் ஒரு பயனும் இல்லை, அவர் பணத்தையே திரும்பத் திரும்பக் கேட்பார்.

பிந்துபவர் எல்லோரும் மோசடிக்காரர் அல்லர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிந்துபவர் கேட்டால் பதில் சொல்வார், வெட்கப்படுவார், அரைகுறையையாவது காட்டுவார். ஏமாற்றுபவர் முதலில் பதிலைக் குறைப்பார், பிறகு உங்கள் மேல் குறை சொல்லத் தொடங்குவார்.

8. பொறுப்பேற்ற பின் கடைசித் தவணை

கடைசிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி, இருவரும் சேர்ந்து சரிபாருங்கள். எந்தச் சாவி உங்கள் கையில், எது அவர் கையில் என்பதே கேள்வி.

டொமைன், ஹோஸ்டிங், தள நிருவாகி ஆகிய மூன்றிலும் உங்கள் மின்னஞ்சலால் உள்ளே போய்ப் பாருங்கள். தளத்தின் பயனர் பட்டியலைத் திறந்து, தெரியாத நிருவாகிப் பெயர் இருந்தால் கேளுங்கள். வேர்ட்பிரஸ் தளங்களில் "சப்போர்ட்" என்ற பெயரில் ஒரு நிருவாகியை விட்டுவிட்டுப் போவதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கண்டிருக்கிறேன்.

காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் (தளத்தின் தோற்ற வடிவம்), பிளகின் (தளத்தில் சேர்க்கும் துணை மென்பொருள்) பயன்படுத்தியிருந்தால் வாங்கிய பற்றுச்சீட்டு எங்கே என்று கேளுங்கள். களவுப் பிரதிகளை இலவசமாக இறக்கிப் போட்டுவிட்டு உங்களிடம் முழுவிலை வாங்குவது பரவலான ஏமாற்று. அவற்றுக்குள் பிறர் நுழைவதற்கான கதவு ஒளித்து வைக்கப்பட்டிருப்பதும் உண்டு. சில மாதங்களில் உங்கள் தளத்தைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் வரும்.

முழுத் தளத்தின் பிரதியையும் மூலக் கோப்புகளையும் பென்டிரைவில் வாங்கி, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறக்காத கோப்பு கொடுக்காத கோப்பு. அதன் பிறகு பணத்தைப் போடுங்கள், தாமதிக்காமல், முழுவதையும். அன்றே எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றி, அவருக்குக் கொடுத்த அனுமதிகளை நீக்குங்கள். தொடர்ந்து பராமரிக்கப் போகிறார் என்றால் அதற்குப் புதிய ஒப்பந்தம், புதிய அனுமதி.

9. ஏமாற்றப்பட்டுவிட்டால்

சண்டைக்குப் போகாதீர்கள், முகநூலில் எழுதாதீர்கள். முதலில் ஆதாரத்தைச் சேருங்கள். ஏனென்றால், ஏசிய அடுத்த நிமிடம் அவர் செய்திகளை அழிக்கத் தொடங்குவார். வட்ஸ்அப் உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். பணம் போட்ட பற்றுச்சீட்டுகள், ஒப்பந்தம், அவருடைய சுயவிவரப் பக்கத்தின் படம் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் போடுங்கள்.

இரண்டாவது, இன்னும் உங்கள் கையில் இருக்கும் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பறிபோன சமூக ஊடகக் கணக்கென்றால் கணினிப் பாதுகாப்புச் சிக்கல்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்திடம் உதவி கேட்கலாம்.

மூன்றாவது, தளத்தின் ஊடாகக் கொடுத்திருந்தால் அன்றே அங்கே பிணக்கைப் பதியுங்கள். அட்டையால் கட்டியிருந்தால் வங்கிக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். இரண்டுக்கும் கால எல்லை உண்டு. "இன்னும் ஒரு கிழமை பார்ப்போம்" என்ற பொறுமையால் இழந்தவர்கள்தான் அதிகம்.

நான்காவது, பொலிஸ் முறைப்பாடு. வாய்மொழியாகச் சொல்லிக் குழம்பாமல், திகதி வரிசையில் ஒரு பக்கம் தட்டச்சுச் செய்து எடுத்துப் போங்கள்: இன்ன நாள் ஒப்பந்தம், இன்ன நாள் இவ்வளவு பணம், இன்ன நாள் கடைசிப் பதில். பணத்தை ஏமாற்றி எடுத்தது ஒரு குற்றம். அனுமதியின்றி உங்கள் கணக்குக்குள் நுழைந்ததோ மாற்றியதோ 2007 ஆம் ஆண்டு 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்துக்குள் வரும் வேறொரு குற்றம். இரண்டும் நடந்திருந்தால் இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

ஏமாற்றியவர் சொந்தக்காரரின் பிள்ளை, பொலிஸுக்குப் போனால் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லாமல் போகும் என்றால் மத்தியஸ்த சபை இருக்கிறது. செலவு மிகக் குறைவு, சட்டத்தரணிகள் வாதாடுவதில்லை, இரு பக்கமும் மேசையில் இருந்து பேசலாம். என் டொமைன் விடயத்தில் அப்படியொரு வழி இருப்பதே எனக்குத் தெரியவில்லை. கேட்டதைக் கொடுத்துத்தான் மீட்டேன். போன மாதம் சாவகச்சேரியிலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு அதே சிக்கல். செய்திகளை அச்சிட்டு, திகதி வரிசையில் அடுக்கி, சபைக்குக் கொடுக்கும் கடிதத்தை இருவருமாக எழுதினோம். அழைப்புக் கடிதம் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், டொமைனை மாற்றுவதற்குரிய குறியீடு அவருடைய மின்னஞ்சலுக்கு வந்தது.